பாட்டுக்கடை அண்ணன் பதில்கள்

போன மாசம் இந்தப் பக்கத்துல சும்மா ஒரு வரி எழுதி வச்சேன், காசு கட்டாம போன்ல பாட்டு கேக்கறத பத்தி சந்தேகம் இருந்தா அனுப்புங்கன்னு. அவ்ளோதான், மூட்டை மாதிரி வந்து குவிஞ்சிடுச்சு. புதுசா படிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை: நான் வேலூர் லாங் பஜார் பக்கத்து சந்துல பத்து பன்னெண்டு வருஷம் கேசட் ரெக்கார்டிங் கடை வச்சிருந்தவன். ஜனங்க பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக்கினு வருவாங்க, நான் ஒண்ணொண்ணா பதிஞ்சு குடுப்பேன். இப்ப கடை இல்ல, ஆனா பாட்டு எங்க கெடைக்கும்னு தேடற புத்தி மட்டும் போகல.

அண்ணே, நான் வீட்ல தறி ஓட்டறேன். வேலை நேரம் பூரா பாட்டு ஓடணும். யூடியூப்ல போட்டு போனை கவுத்து வச்சிடுவேன், வீடியோ பாக்கவே மாட்டேன். ஆனாலும் டெய்லி 1.5 ஜிபி மூணு மணிக்குள்ள காலி. பாட்டு கேக்க அவ்ளோவா ஆகும்? (குடியாத்தம் வாசகி)

தங்கச்சி, நீங்க பாக்கலன்னாலும் போன் வீடியோவ இறக்கிக்கினேதான் இருக்கும், அதுக்கு கவுத்து வச்சது தெரியாது. டேட்டாவ குடிக்கிறது பாட்டு இல்ல, படம். கணக்கு சொல்றேன் பாருங்க. பாட்டோட தரத்த கேபிபிஎஸ்னு ஒரு அளவுல சொல்வாங்க, 96ன்னா ஒரு மணி நேரத்துக்கு சுமாரா 43 எம்பி, 128ன்னா 58 எம்பி, 160ன்னா 72 எம்பி. எட்டு மணி நேரம் தறியில உக்காந்தாலும் 96ல 350 எம்பிய தாண்டாது. 320ன்னு ஒண்ணு இருக்கு, அது மணிக்கு 144 எம்பி தின்னும், தறி சத்தத்துல அந்த வித்தியாசம் உங்களுக்கு மட்டும் இல்ல, எனக்கே கேக்காது.

அதனால பாட்டுக்குன்னே இருக்கற ஆப்புக்கு மாறுங்க, ஸ்பாட்டிஃபையோ ஜியோசாவனோ எதுவா இருந்தாலும் சரி, செட்டிங்ஸ்ல ஆடியோ குவாலிட்டின்னு இருக்கும், அத நார்மல்ல வச்சிடுங்க. இன்னொரு லாபமும் இருக்கு, காசு கட்டாதவங்களுக்கு யூடியூப்ல ஸ்க்ரீன் ஆஃப் ஆனா பாட்டு நின்னுடும், அதனாலதான் நீங்க ஸ்க்ரீன எரியவிட்டு கவுத்து வைக்கறீங்க, மத்தியானத்துக்குள்ள பேட்டரியும் போய்டும். நான் சொன்ன ரெண்டு ஆப்புலயும் ஸ்க்ரீன் அணைஞ்சாலும் ஓடும். இல்ல, எனக்கு யூடியூப்தான் வேணும்னா வீடியோ மேல இருக்கற பல்சக்கரத்த தொட்டு 144ன்னு மாத்துங்க, படம் கலங்கலா தெரியும், தெரிஞ்சா இன்னா, நீங்கதான் பாக்கறதில்லயே.

எந்த ஆப் பெஸ்ட்? ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தினமும் ஏலகிரி எக்ஸ்பிரஸ்ல சென்னைக்கு போய்ட்டு வரேன், வாலாஜா ரோடு தாண்டினா நெட் வரும் போகும். (காட்பாடி வாசகர்)

ஒண்ணு மட்டும் சொன்னா நாளைக்கு நீங்க என்னத்தான் திட்டுவீங்க தம்பி. 2018ல இருந்து நடந்தத பாருங்க. ஸ்பாட்டிஃபை நம்மூருக்கு வந்தது 2019 பிப்ரவரி, யூடியூப் மியூசிக் அடுத்த மாசமே வந்துச்சு. சாவனும் ஜியோ மியூசிக்கும் 2018ல ஒண்ணா சேர்ந்து ஜியோசாவன் ஆச்சு. கானாங்கற ஆப் 2022ல ஃப்ரீய நிறுத்திட்டு காசு கட்டறவங்களுக்குன்னு ஆயிடுச்சு. ரெஸ்ஸோ 2024 ஜனவரியில இந்தியாவ விட்டே போச்சு, அதே வருஷம் ஏர்டெல்காரங்களோட விங்க் மியூசிக்கும் மூடிட்டாங்க. ஃப்ரீயா குடுக்கறதுன்னா கம்பெனிக்கு விளம்பரத்துல வர்ற காசு பாட்டுக்கு குடுக்கற காசுக்கு ஈடாகணும், ஆகலன்னா ஷட்டர இறக்கிடுவாங்க, நான் இறக்கல?

மூடின ஒரு ஆப்புல நானும் முன்னூறு பாட்டுக்கு மேல சேத்து வச்சிருந்தேன், பேர் எதுக்கு, கடைசி நாள் வரைக்கும் நாளைக்கு பாத்துக்கலாம்னு இருந்துட்டு மொத்தமும் போச்சு. இப்ப இன்னா பண்றேன்னா, புடிச்ச பாட்டு பேர ஒரு நாற்பது பக்க நோட்டுல எழுதி வச்சுக்கறேன். சிரிக்காதீங்க. ஆப் மாறும், நோட்டு மாறாது. எழுத சோம்பலா இருந்தா பிளேலிஸ்ட்ட ஸ்க்ரீன்ஷாட்டாவது எடுத்து வைங்க.

ரயில் விஷயத்துக்கு வரேன். பாட்ட இறக்கி வச்சு நெட் இல்லாம கேக்கற வசதிய பெரும்பாலும் காசு கட்டறவங்களுக்குதான் குடுப்பாங்க, ஃப்ரீக்காரங்களுக்கு கெடையாது. ஆனா ஸ்பாட்டிஃபைல பாட்காஸ்ட் மட்டும் ஃப்ரீலயும் இறக்கிக்கலாம், அதனால நெட் நல்லா வர்ற இடத்துல பாட்டு, வராத இடத்துல பேச்சுன்னு பிரிச்சுக்குங்க. உங்க போன்ல எஃப்எம் ரேடியோ இருக்கான்னும் பாருங்க, நெறைய போன்ல இருக்கும், வயர் வச்ச இயர்போன் மாட்டினா அந்த வயரே ஏரியல், டேட்டா ஒரு எம்பி கூட செலவாகாது. ப்ளூடூத் இயர்போன்ல இந்த வித்தை நடக்காது.

ஐயா, நான் ஓய்வு பெற்ற ஆசிரியன், வயது 74. சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரே ஒரு வால்வு ரேடியோ, அதில் இலங்கை வானொலி. இப்போது பேரன் ஆப் போட்டுக் கொடுத்தான், அதில் பழைய பாட்டு என்றால் அதே ஐம்பது பாட்டு சுற்றிச் சுற்றி வருகிறது. வேறு வழி உண்டா? (ஆரணி வாசகர்)

ஐயா, உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். இலங்கை வானொலின்னா எங்க வீட்லயும் அடுப்பு மேல இருக்கற பால மறந்துடுவாங்க. கொழும்புல ரேடியோ ஆரம்பிச்சது 1925லயே. நம்ம பக்கம் அது ஏன் அவ்ளோ புடிச்சு போச்சுன்னா அதுக்கு ஒரு கதை இருக்கு. 1952 வாக்குல மத்திய மந்திரி கேஸ்கர், ஆல் இந்தியா ரேடியோவுல சினிமா பாட்டே வேணாம்னு ஓரங்கட்டிட்டார், ஜனங்க பட்டுனு கொழும்பு பக்கம் முள்ள திருப்பிட்டாங்க. அப்புறம்தான் இவங்க முழிச்சுக்கினு 1957 அக்டோபர் 3ம் தேதி சினிமா பாட்டு போடற விவித் பாரதிங்கற சேவைய ஆரம்பிச்சாங்க. காசில்லாம பாட்டு குடுக்கறதுல போட்டி இன்னைக்கு நேத்து வந்தது இல்ல.

நீங்க பண்ண வேண்டியது இது. பேரன கூப்பிட்டு நியூஸ்ஆன்ஏர்னு ஒரு ஆப் போட சொல்லுங்க, நம்ம அரசாங்க ரேடியோவோட ஆப், ஃப்ரீ. பேர பாத்து செய்தி மட்டும்னு நெனச்சிடாதீங்க, நாடு பூரா இருக்கற 200க்கும் மேல ஸ்டேஷனுங்க அதுல நேரடியா ஓடும், சென்னை, திருச்சி, புதுச்சேரி, காரைக்கால் எல்லாம். ரேடியோவுல இருக்கற சுகம் இன்னான்னா அடுத்த பாட்டு இன்னா வரும்னு உங்களுக்கும் தெரியாது, மிஷினும் முடிவு பண்றதில்ல, ஒரு மனுஷன் அங்க உக்காந்து எடுத்துப் போடறான். உங்க அம்பது பாட்டு தொல்லைக்கு முதல் மருந்து அதுதான்.

ரெண்டாவது, ரேடியோ கார்டன்னு ஒண்ணு. ஒரு பூமி உருண்டை வரும், அத விரலால உருட்டி எந்த ஊர் மேல வைக்கறீங்களோ அந்த ஊர் ஸ்டேஷன் பாடும். கொழும்பு மேல வச்சு பாருங்க, யாழ்ப்பாணம் பக்கம் உருட்டுங்க, அப்டியே சிங்கப்பூர். பழைய அறிவிப்பாளர் குரல் வராதுதான், இருந்தாலும் அந்த தமிழ் வாடை வரும். நான் ஒரு ஞாயித்துக்கிழமை இத உருட்ட ஆரம்பிச்சு சாப்பாட்ட மறந்து வீட்ல வாங்கி கட்டிக்கினேன்.

மூணாவதுதான் பெரிய புதையல். இன்டர்நெட் ஆர்கைவ், அமெரிக்காவுல சான் ஃபிரான்சிஸ்கோவுல இருக்கற லாபம் பாக்காத நூலகம், 1996ல ஆரம்பிச்சது. அதுல உலகம் பூரா இருந்து வந்த பழைய 78 ஆர்பிஎம் இசைத்தட்டுங்கள பதிஞ்சு வச்சிருக்காங்க, அந்த கிராமபோன் தட்டு, ஒரு பக்கத்துக்கு மூணு மூணரை நிமிஷம்தான் ஓடும், அதனாலதான் அந்த காலத்து வித்வானுங்க ஒரு ராகத்த மூணு நிமிஷத்துல புழிஞ்சு குடுத்தாங்க. தமிழ் பாட்டும் இருக்கு, ஆனா தேடணும், பேர் தாறுமாறா எழுதியிருக்கும். விளம்பரம் கெடையாது, கணக்கு தொடங்க வேணாம், வேணும்னா இறக்கியும் வச்சுக்கலாம். எல்லாம் எப்பவும் இருக்கும்னு மட்டும் நம்பாதீங்க, இந்த 78 தட்டு விஷயத்துல 2023ல பெரிய ரெக்கார்டு கம்பெனிங்க அவங்க மேல கேஸே போட்டாங்க. நம்ம நாட்டு சட்டப்படி ஒரு ஒலிப்பதிவு வெளியாகி 60 வருஷம் முடிஞ்சா அந்த பதிவு மேல உரிமை போயிடும், ஆனா பாட்ட எழுதினவங்க, இசையமைச்சவங்க உரிமை வேற கணக்கு, அவங்க காலமாகி 60 வருஷம். கேக்கறதுக்கு இந்த தலைவலி வேணாம், எடுத்து வேற எங்கயாவது போடறவங்க மட்டும் கவலைப்படட்டும்.

கர்நாடக சங்கீதம் புடிக்கும்னா சங்கீதப்ரியான்னு ஒரு தளம் இருக்கு, ரசிகருங்க சேர்ந்து காசு வாங்காம நடத்தறது, பழைய கச்சேரிங்க நெறைய. உள்ள போனா சீக்கிரம் வெளிய வர மாட்டீங்க.

நைனா குடுத்த மெசேஜ்ல ஒரு ஆப் லிங்க் வந்துச்சு, பிரீமியம் எல்லாம் ஃப்ரீன்னு. போடலாமா? (ஆம்பூர் வாசகர்)

வேணாம். பிளே ஸ்டோர்ல இல்லாம வெளிய இருந்து இறக்கற அந்த மாதிரி மோட் ஆப்புல, அதாவது ஒரிஜினல் ஆப்ப யாரோ திருத்தி விட்டதுல, உள்ள யாரு இன்னாத்த சொருகியிருக்கான்னு தெரியாது, அதே போன்லதான உங்க ஜிபேவும் இருக்கு. நைனா கிட்டயும் எடுத்துட சொல்லுங்க, நீங்க சொன்னா கேக்க மாட்டார்னா நான் எழுதினத காட்டுங்க.

ஒரு ஆப்புல ஒரு மாசம் ஃப்ரீன்னு போட்டான், அமுக்கினேன். அடுத்த மாசம் அக்கவுண்ட்ல இருந்து காசு எடுத்துட்டான். ஆப்ப அன்இன்ஸ்டால் பண்ணிட்டேன், மறுபடியும் எடுத்துட்டான். (ராணிப்பேட்டை வாசகர்)

ஆப்ப தூக்கினா போதாது அண்ணே, நீங்க குடுத்த அனுமதி பேங்க்ல உக்காந்துக்கினு இருக்கு. யூபிஐ ஆட்டோபேன்னு 2020ல வந்தது அது. உங்க யூபிஐ ஆப்ப தொறந்து ஆட்டோபேன்னு தேடுங்க, அங்க எந்தெந்த கம்பெனிக்கு மாசா மாசம் எடுக்க விட்டிருக்கீங்கன்னு லிஸ்டே இருக்கும், ரத்து பண்ணிடுங்க. கார்டுல குடுத்திருந்தா பேங்க் ஆப்புல பாருங்க. காசு எடுக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி மெசேஜ் அனுப்பணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு, அனுப்பியிருப்பாங்க, நாமதான் லோன் ஆஃபர் மெசேஜோட மெசேஜா தள்ளி விட்டுடறோம். இனிமே ஒரு மாசம் ஃப்ரீன்னு பாத்தா ஒண்ணு செய்யுங்க: கார்டோ யூபிஐயோ கேட்டா அது ஃப்ரீ இல்ல.

நான் வளந்தது கலவை பக்கம் ஒரு கிராமம், இப்ப பஹ்ரைன்ல இருக்கேன். சித்திரை வந்தா தூக்கம் வர மாட்டேங்குது. எங்க ஊர் தெரௌபதி அம்மன் கோயில் கூத்து எந்த ஆப்புல அண்ணே கெடைக்கும்? (கலவை வாசகர்)

தம்பி, நீங்க கேட்டது எந்த பாட்டு ஆப்புலயும் சரியா கெடைக்காது, ஏன்னா அவங்க கணக்குல பாட்டுன்னா நாலு நிமிஷம். நம்ம வடஆற்காட்டு கூத்து ராத்திரி பத்து மணிக்கு களரி கட்டினா விடியற வரைக்கும். அத எந்த ஆல்பத்துல அடக்கறது.

ஆனா யூடியூப்ல கெடைக்கும், அதுவும் எக்கச்சக்கமா. செய்யாறு, ஆரணி, போளூர், ஆற்காடு பக்கத்து பசங்க நெறைய பேர் கேமராவ ஒரு ஓரத்துல நட்டு வச்சு மொத்த ராத்திரியும் எடுத்து அப்டியே ஏத்தி விட்டிருக்காங்க. தேடறதுலதான் சூட்சுமம். சும்மா தெருக்கூத்துன்னு அடிச்சா சினிமாவுல வர்ற குத்து பாட்டு பாதி வந்து நிக்கும். ஊர் பேர சேருங்க, கூத்தோட பேர சேருங்க, அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் இப்டி. நாடக மன்றம்னு போட்டு பாருங்க, நெறைய செட்டு அந்த பேர்லதான் இருக்கு. தமிழ்ல ஒரு தடவ, இங்கிலீஷ் எழுத்துல ரெண்டு மூணு தடவ, டிக்கு அப்புறம் எச் போட்டும் போடாமயும் அடிங்க, ஒவ்வொருத்தன் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பான். தேடின உடனே ஃபில்டர்ல போய் 20 நிமிஷத்துக்கு மேலன்னு வச்சிடுங்க, துண்டு துக்கடா எல்லாம் ஓடிடும். புரிசை கூத்து கேக்கணும்னா புரிசைன்னே போடுங்க, செய்யாறு பக்கத்து ஊர், அங்க பரம்பரையா ஆடறவங்க பேர் வெளிநாடு வரைக்கும் போயிருக்கு.

கேக்கற விதம் ஒண்ணு சொல்றேன். வீடியோவ பாக்காதீங்க. லைட்டு கம்பத்த பாத்து கேமரா வெளுத்து போயிருக்கும், முன்னாடி யாராவது தலை மறைக்கும். இயர்போன் மாட்டி கண்ண மூடிக்குங்க. மொதல்ல ஆர்மோனியம் ஒரு சுருதிய புடிக்கும், மத்தளம் பேசும், தாளம் கூட சேரும், அப்புறம் அந்த முகவீணை, ரெண்டு சாண் கூட இருக்காது, அது கெளம்பினா நாதஸ்வரத்தோட தங்கச்சி அழற மாதிரி இருக்கும், நாலு வயல் தாண்டி கேக்கும். கோமாளி வேஷம் கட்டற கட்டியக்காரன் யாரையோ வாரறான், ஜனம் சிரிக்குது, குழந்தை ஒண்ணு அழுது, பின்னாடி எங்கயோ சோடா பாட்டில் ஒடையற சத்தம். ஸ்டூடியோவுல எடுத்த எந்த பதிவுலயும் இது கெடையாது. பகல்ல நடக்கற பாரத பிரசங்கத்த கூட சில பேர் ஏத்தியிருக்காங்க, கடைசி நாள், துரியோதனன் சாகற படுகளத்தன்னைக்கு மண்ணுல பண்ண துரியோதனன் பக்கத்துல நடக்கற சத்தமும் இருக்கு.

டேட்டா பத்தி குடியாத்தம் தங்கச்சிக்கு சொன்னதுதான், 144ல வைங்க. இன்னொண்ணு, புடிச்சா லைக் போட்டு, எந்த ஊர்ல இருந்து கேக்கறீங்கன்னு கீழ எழுதுங்க. எடுத்துப் போட்ட பையனுக்கு அது போதும், ஆடினவங்களுக்கும் காட்டுவான். அந்த வீடியோவுல வர்ற விளம்பர காசு ஆடினவங்களுக்கு போகுமான்னா, அது சேனல் வச்சிருக்கறவன் மனச பொறுத்தது. ஊருக்கு லீவுல வந்தா கூத்து நடக்கறப்ப நேர்லயே ஒரு நோட்ட குத்திட்டு வாங்க, மைக்ல உங்க பேர சொல்லி பாடுவாங்க, அதையும் எவனாவது ஏத்துவான்.

நாங்க காலேஜ்ல நாலு பேர் சேர்ந்து சொந்தமா பாட்டு போடறோம். ஆப்புல ஃப்ரீயா கேக்கறவங்களால எங்களுக்கு காசு வருமா சார்? (வேலூர் மாணவர்)

வரும், ஆனா டீ செலவுக்கு கூட ஆகாது ஆரம்பத்துல. ஸ்பாட்டிஃபைல ஒருத்தர் 30 விநாடியாவது கேட்டாதான் ஒரு தடவைன்னு கணக்கு. 2024ல இருந்து ஒரு பாட்டு பன்னெண்டு மாசத்துல 1,000 தடவையாவது ஓடியிருந்தாதான் காசு கணக்குலயே வரும். அதனால கூட்டாளிங்க கிட்ட கேளுடான்னு சொல்றப்ப, முதல் 30 விநாடியாவது கேளுடான்னு சொல்லுங்க. சவுண்ட்கிளவுட், பேண்ட்கேம்ப்னு பாட்டு போடறவங்களே நேரா ஏத்தற தளங்க இருக்கு, அதுலயும் ஏத்தி வைங்க. பேண்ட்கேம்ப்ல ஃப்ரீயா கேட்டுட்டு புடிச்சவங்க இஷ்டப்பட்ட காசு குடுக்கற மாதிரி வைக்கலாம். லிங்க்க எனக்கும் அனுப்புங்க, முழுசா கேக்கறேன்.

என் போன்ல பையன் ஒரு வாரம் பாட்டு கேட்டான். இப்ப நான் சுப்ரபாதம் போட்டாலும் அடுத்தது ராப் பாட்டு வருது. (சத்துவாச்சாரி வாசகி)

அக்கா, ஆப்புக்கு நீங்க யாரு பையன் யாருன்னு தெரியாது, ஒரு கணக்குல எது ஓடுச்சோ அதான் உங்க ரசனைன்னு எழுதிக்கும். பையனுக்கு தனி கணக்கு போட்டு குடுத்துடுங்க, ஃப்ரீதான. இல்லன்னா அவன் கைல போன் போறப்ப ஸ்பாட்டிஃபைல பிரைவேட் செஷன், யூடியூப்ல ஹிஸ்டரிய பாஸ், இதுல ஒண்ண போட்டுட்டு குடுங்க. ஏற்கனவே ஆன சேதாரத்துக்கு ஒரு வாரம் விடாம உங்க பாட்டையே போடுங்க, தானா வழிக்கு வரும். நடுவுல நல்ல ராப் ஏதாவது வந்தா கேட்டுத்தான் பாருங்களேன்.

அண்ணா, 1993ல உங்க கடையில எங்க அப்பா பதிஞ்ச கேசட் ஒண்ணு பரண்ல கெடைச்சுது. லிஸ்ட்டும் உள்ளயே இருக்கு, அப்பா கையெழுத்து. அதுல இருக்கற பாட்டெல்லாம் ஆப்புலயே இருக்கு, ஆனா இந்த கேசட்டையே போன்ல கேக்கணும். முடியுமா? (வாலாஜாப்பேட்டை வாசகி)

முடியும்மா. மொதல்ல அவசரப்பட்டு எந்த டேப்லயும் போட்டுடாத. ஒரு பென்சில சொருகி மெதுவா சுத்தி பாரு, நாடா ஒட்டிக்கினு இருக்கா, நாடாவ அழுத்தற சின்ன பஞ்சு இருக்கா விழுந்துடுச்சான்னு. டேப்போட ஹெட்ட, கெமிஸ்ட் கடையில கெடைக்கற ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல பஞ்ச தொட்டு தொடச்சிடு. அப்புறம் இயர்போன் சொருகற ஓட்டையில இருந்து கம்ப்யூட்டர் லைன் இன்னுக்கு ஒரு ஸ்டீரியோ வயர், ரெண்டு பக்கமும் பின் இருக்கறது, எலக்ட்ரானிக்ஸ் கடையில கெடைக்கும். கம்ப்யூட்டர்ல ஆடசிட்டின்னு ஃப்ரீ சாஃப்ட்வேர் போட்டு ரெக்கார்ட அமுக்கிட்டு கேசட்ட ஓட விடு. வேகமா பண்ண வழி இல்ல, ஒரு மணி நேர கேசட்டுக்கு ஒரு மணி நேரம் கூடவே உக்காரணும். எம்பி3யா மாத்தி போனுக்கு அனுப்பிக்க, உன் வீட்டுக்குள்ள கேளு, நெட்ல ஏத்தாத.

ஏ சைடு கடைசி பாட்டு பாதியில அறுந்து நிக்கும். பிளேயர் கோளாறுன்னு நெனச்சு திருப்பி திருப்பி போட்டு நாடாவ பாழ் பண்ணிடாத, அது என் தப்பு. 60 கேசட்ல ஒரு பக்கம் முப்பது நிமிஷம், அப்பா லிஸ்ட்ல எப்பவும் ஒரு பாட்டு கூட எழுதி குடுப்பார், புடிச்ச வரைக்கும் பதிங்கன்னுவார்.